பலர் பார்க்க நாள்தோறும் வளரும் மண்டல ஓவியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை, பொதுக்கூடம் ஒன்றில் அமர்ந்து நான் மண்டலம் தீட்டிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் நின்றவர்கள் கேட்டவை. மற்றவை, தாங்களும் இப்படி ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்கள் கேட்டவை. கையில் ஈரத் தூரிகை இருந்ததால் அங்கே அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. அளவு சொல்ல நேரும் இடங்களில், நான் வழக்கமாகப் பயன்படுத்தும் 180 செ.மீ. விட்டமுள்ள பிளைவுட் வட்டப் பலகையையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

மண்டலம் என்பது என்ன? வட்டமாக வரைந்தால் எல்லாம் மண்டலமா?

சமஸ்கிருதத்தில் மண்டலம் என்றால் வட்டம். ஓவியத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னும் கொஞ்சம் கறாரான பொருள் உண்டு: ஒரு மையம் இருக்க வேண்டும், அந்த மையத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஒரே ஒழுங்கு திரும்பத் திரும்ப வர வேண்டும், மையத்திலிருந்து விளிம்புவரை படிப்படியாக வளையங்கள் அமைய வேண்டும். ஒரு தட்டில் பூக்களைச் சிதறினாற்போல் வரைந்தால் அது வட்டத்துக்குள் இருக்கும் படம்தானே தவிர மண்டலம் ஆகாது. பௌத்த மரபில் மண்டலம் என்பது ஒரு தெய்வம் உறையும் மாளிகையின் தரைப்படம். நடுவில் சதுரம், நான்கு திசைகளிலும் நான்கு வாயில்கள், அவற்றைச் சுற்றித் தாமரை இதழ் வளையம், வச்சிர வளையம், வெளியே தீ வளையம் என்று அதற்கு ஒரு கட்டட இலக்கணமே இருக்கிறது.

திபெத்தியத் துறவிகள் மணலால் செய்வது இதுதானா?

இல்லை. இந்தக் கேள்வியை நாளுக்கு நான்கு பேராவது கேட்கிறார்கள்; நான் செய்வதை அதனோடு சேர்த்து எண்ண விட்டால் அது எனக்குத் தகாத பெருமையாகிவிடும். மணல் மண்டலத்தைச் செய்பவர்கள் அதற்கெனப் பல ஆண்டுகள் பயின்ற துறவிகள். அளவுகளையும் உருவங்களையும் நிறங்களையும் நூல்களிலிருந்து மனப்பாடமாக அறிந்தே அவர்கள் அமர்கிறார்கள். தம் விருப்பத்துக்கு ஓர் இதழைக்கூட மாற்றுவதில்லை. சக்-பூர் எனப்படும் ஒடுக்கமான உலோகக் குழலில் வண்ண மணலை நிரப்பி, அதன் பக்கத்தில் உள்ள வரிப்பள்ளங்களை இன்னொரு கோலால் உரசுவார்கள். அந்த அதிர்வில் மணல் ஏறக்குறைய நீர்போல ஒழுகும். உரசும் வேகத்தைப் பொறுத்து ஒழுக்கு கூடும், குறையும். அவர்கள் அமைக்கும் மண்டலங்களில் ஒன்றான காலச்சக்கர மண்டலத்தில் 722 தெய்வங்கள் இடம்பெறுவதாக மரபு சொல்கிறது.

ஆனால் இதைப் பலர் பார்க்க ஒரு பொது இடத்தில், பல நாட்கள் எடுத்துச் செய்வது என்ற வழக்கம் உலகெங்கும் பரவியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1988-இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நம்கியால் மடத்துத் துறவிகள் காலச்சக்கர மண்டலத்தைப் பார்வையாளர்கள் முன்னிலையில் அமைத்தார்கள். அதற்குப் பிறகு அருங்காட்சியகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இது வழக்கமான காட்சியாகிவிட்டது. முடிந்த மண்டலத்தை அவர்கள் கலைத்து, மணலைக் கூட்டிச் சேர்த்து ஓடும் நீரில் கரைப்பார்கள். என்னுடையது வண்ணம் தீட்டிய பலகை. வடிவக்கணிதத்தையும் பொறுமையையும் அவர்களிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறேன். சடங்கைத் தொடவில்லை, தொட எனக்குத் தகுதியும் இல்லை.

வீட்டில் அமர்ந்து நிம்மதியாகத் தீட்டலாமே? எதற்குப் பொது இடம்?

பலர் பார்க்கத் தீட்டுவதற்கு மண்டலத்தைப்போல இசைவான படம் வேறு இல்லை என்பது என் எண்ணம். ஒரு முகத்தைத் தீட்டுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளில் வந்து பார்ப்பவருக்கு ஒரு கண்ணும் பாதி மூக்கும்தான் தெரியும். அவர் பார்த்தது அரைகுறை வேலை. மண்டலம் அப்படியன்று. அது மையத்திலிருந்து வளையம் வளையமாக வளர்வதால், எந்த வளையத்தில் நிறுத்தினாலும் அதுவரை வந்தது ஒரு முழுப் படமாகவே நிற்கும். பொது இடத்தில் கடந்து போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு முறைதான் பார்க்கப்போகிறார்கள். அவர்கள் பார்க்கும் அந்த நாளின் படம் அவர்களுக்கு முழுமையாக இருக்க வேண்டும். ஆகவே என் அன்றாட வேலைத்திட்டம் முழுவதையும் ஒரே விதிக்குக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறேன்: மாலையில் தூரிகையைக் கழுவும்போது ஒரு வளையம் மூடியிருக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் பலவும் இந்த விதியிலிருந்து பிறந்தவைதான்.

நாளுக்கு ஒரு வளையம் என்றால், ஒன்பது வளையத்துக்கு ஒன்பது நாள் போதுமா?

போதாது. எல்லோரும் முதலில் இடறி விழும் இடம் இது, நானும் விழுந்தேன். 90 செ.மீ. ஆரத்தை 10 செ.மீ. அகலமுள்ள ஒன்பது வளையங்களாகப் பிரித்தால், அகலம் ஒன்றாக இருந்தாலும் பரப்பு ஒன்றாக இருக்காது. நடுவட்டத்தின் பரப்பை 1 என்று கொண்டால் அடுத்த வளையம் 3, அதற்கடுத்தது 5, பிறகு 7 என்று ஒற்றை எண்களாகவே ஏறி, ஒன்பதாவது வளையம் 17 ஆகிறது. மொத்தம் 81. அதாவது முதல் மூன்று வளையங்களும் சேர்ந்து மொத்த வேலையில் ஒன்பதில் ஒரு பங்குதான். கடைசி மூன்று வளையங்கள் மட்டும் ஒன்பதில் ஐந்து பங்கு. மூன்றாம் நாள் மாலை "மூன்றில் ஒரு பங்கு முடித்துவிட்டோம்" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர், ஏழாம் நாள் இரவு விளக்கை அணைக்க மனமில்லாமல் அமர்ந்திருப்பார்.

இதற்கு இரண்டு வழிகளைக் கையாளுகிறேன். முதலாவது, வெளியே போகப்போக வளையங்களை ஒடுக்கமாக்கி, நுணுக்க வேலையைக் குறைப்பது. நடுவில் ஒவ்வோர் இதழுக்குள்ளும் ஐந்து நரம்புகள் இருந்தால், விளிம்பில் ஒரே நிறத்தில் நிரப்பிய அகன்ற அலைகள் இருக்கும். இரண்டாவது, ஒரு நாளில் முடியாத வளையத்தை வரிசையாகச் சுற்றிக்கொண்டே போகாமல் எதிரெதிராகத் தீட்டுவது. மேலே இரண்டு இதழ், உடனே கீழே இரண்டு இதழ். இடத்தில் இரண்டு, வலத்தில் இரண்டு. அன்று மாலை வளையம் முழுவதும் மூடியிருக்காது. ஆனால் நான்கு பக்கமும் சமமாக நிற்கும். பார்ப்பவருக்கு அதுவே தீர்மானித்து விட்ட வடிவம்போலத் தோன்றும். இதே பலகைக்கு இப்போது நான் வகுக்கும் காலம், கோடு போடும் முதல் நாளையும் சேர்த்துப் பதினான்கு நாட்கள்.

அவ்வளவு பெரிய வட்டத்தை எப்படி இவ்வளவு துல்லியமாக வரைகிறீர்கள்?

கயிறு கட்டி வரைவதில்லை. கயிறு இழுபடும், பென்சிலும் சாயும். ஒரு மீட்டர் நீளமுள்ள மெல்லிய மரச்சட்டத்தின் ஒரு முனையில் ஆணிக்குத் துளையிட்டு, அங்கிருந்து ஒவ்வொரு வளையத்தின் ஆரத்துக்கும் பென்சில் முனை நுழையும் துளைகள் போட்டுக்கொள்கிறேன். மையத்தில் ஆணியை அடித்துச் சட்டத்தைச் சுழற்றினால் எல்லா வட்டங்களும் அரைமணி நேரத்தில் முடியும்.

இதழ்களுக்காக வட்டத்தைப் பதினாறாகப் பிரிப்பதில்தான் கவனம் வேண்டும். கவராயத்தை ஓர் அளவுக்கு விரித்து, விளிம்பில் அடியடியாக நடத்திக்கொண்டு போவது எளிது என்று தோன்றும். ஆனால் ஓர் அடிக்கு 1 மி.மீ. கூடிப்போனாலும் பதினாறாவது அடியில் அது 16 மி.மீ. ஆகிவிடும், அந்தச் சுமை முழுவதும் கடைசி இதழின் தலையில் விழும். எனது முதல் மண்டலத்தில் இதுதான் நடந்தது. நான்கு நாட்கள் யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன். ஐந்தாம் நாள், பத்து வயது இருக்கும், ஒரு பையன் பலகைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து விரலால் ஒவ்வோர் இதழாக எண்ணிக்கொண்டே போய், "இது மட்டும் ஏன் ஒல்லியா இருக்கு?" என்று கேட்டான். அன்றிலிருந்து பாதியாக்கும் முறையைத்தான் பின்பற்றுகிறேன். ஒரு விட்டம் வரைந்து, வெட்டும் விற்களால் அதற்குச் செங்குத்தாக இன்னொரு விட்டம். அந்த நான்கையும் பாதியாக்கினால் எட்டு. எட்டையும் பாதியாக்கினால் பதினாறு. பிழை இருந்தாலும் அது அந்தந்தக் கோணத்துக்குள் அடங்கிவிடும், சேர்ந்து பெருகாது. 90 செ.மீ. ஆரத்தில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நேர்தூரம் 35.1 செ.மீ. இருக்க வேண்டும். பதினாறு இடத்திலும் அளந்து பார்த்த பிறகே தூரிகையை எடுக்கிறேன்.

எந்த வண்ணத்தைப் பயன்படுத்துகிறீர்கள்?

அக்ரிலிக். பொது இடத்தில் இதைத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணெய் வண்ணம் காய நாட்கள் ஆகும். அதற்குள் யாராவது ஒருவருடைய விரலோ, பையோ, புடவைத் தலைப்போ அதில் பட்டுவிடும். போஸ்டர் வண்ணம் விரைவில் காயும்; ஆனால் காய்ந்த பிறகும் நீரில் கரையும் என்பதால், இரண்டாம் பூச்சைப் போடும்போது முதல் பூச்சு கிளம்பி வந்து கலங்கும். அக்ரிலிக்கில் நீர் ஆவியானதும் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடுகின்றன. மெல்லிய பூச்சு சில நிமிடங்களில் காயும். அதன் பிறகு நீர் பட்டாலும் கரையாது. பலகைக்கு முதலில் ஜெஸ்ஸோ எனப்படும் வெள்ளை அடிப்பூச்சை இரண்டு முறை போட்டு, நைஸான உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ள வேண்டும். தேய்க்காவிட்டால் மெல்லிய கோடுகள் மரநாரின் மேல் தடுக்கித் தடுக்கி ஓடும்.

மஞ்சளும் ஆரஞ்சும் பெரும்பாலும் அடியில் இருப்பதை மறைக்காத நிறங்கள். பென்சில் கோடோ, பக்கத்து நீலமோ அவற்றின் ஊடே தெரியும். அந்த இடங்களில் முதலில் வெள்ளை பூசிக்கொண்டு அதன்மேல் மஞ்சளைப் போட்டால் ஒளிரும். தாலோ நீலம் இதற்கு நேர் எதிர்; கடுகளவு போதும் என்று எடுத்தாலே ஒரு கிண்ண வெள்ளையை வானமாக்கிவிடும்.

நேற்றுப் போட்ட அதே நிறம் இன்றும் எப்படி வருகிறது?

வருவதில்லை, வரவழைக்க வேண்டியிருக்கிறது. கலந்த நிறத்தை மறுநாள் மீண்டும் அதேபோலக் கலந்துவிடலாம் என்று நம்புவது இந்த வேலையில் உள்ள மிகப் பெரிய மூடநம்பிக்கை. ஒரு வளையத்துக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஒரே தடவையில் கலந்து, இறுக மூடும் சிறு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். மூடிமேல் வளைய எண்ணை எழுதி, அந்த நிறத்தில் ஒரு பொட்டும் வைத்துவிட்டால் தேட வேண்டியதில்லை. எதிர்காலத்தில் திருத்தம் தேவைப்பட்டாலும் அந்த டப்பாதான் காப்பாற்றும்.

இன்னொன்று: அக்ரிலிக்கின் பிசின் ஈரத்தில் பால்போல் வெண்மையாகவும் காய்ந்தபின் தெளிவாகவும் இருக்கும். ஆகவே டப்பாவில் தெரியும் நிறத்தைவிடப் பலகையில் காய்ந்த நிறம் ஒரு படி அடர்த்தியாக இருக்கும். ஈர நிறத்தைக் காய்ந்த நிறத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எப்போதும் ஏமாற்றம்தான். ஒரு அட்டையில் பூசி, காயவிட்டு, பிறகு ஒப்பிடுங்கள். அதையும் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். காலையில் சன்னலோரத்தில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு சிவப்புகள், மாலையில் கூடத்து விளக்கின் கீழ் ஒன்றுக்கொன்று உறவில்லாதவைபோல நிற்கக்கூடும்.

நிறங்களுக்குப் பொருள் உண்டா? எதன் பக்கத்தில் எதை வைப்பது?

பௌத்த மண்டலத்தில் உண்டு. பரவலான ஒரு மரபில் நடுவில் வெள்ளை, கிழக்கில் நீலம், தெற்கில் மஞ்சள், மேற்கில் சிவப்பு, வடக்கில் பச்சை. அவை முறையே வைரோசனர், அக்ஷோப்யர், ரத்னசம்பவர், அமிதாபர், அமோகசித்தி ஆகிய ஐந்து புத்தர்களுக்கு உரியவை. அங்கே கிழக்கு என்பது நிலப்படத்தில்போல வலப்பக்கம் இருப்பதில்லை; பார்ப்பவரை நோக்கிய கீழ்ப்பக்கமே கிழக்கு. என் பலகையில் நிறங்களுக்கு அப்படிப்பட்ட பொருள் எதுவும் இல்லை. "இந்த ஊதா எதைக் குறிக்கிறது?" என்று கேட்பவரிடம், பக்கத்தில் இருக்கும் மஞ்சளை எழுப்பிக் காட்டத்தான் அது அங்கே இருக்கிறது என்பதே என் நேர்மையான பதில்.

அந்த எழுப்பிக் காட்டுதலுக்கு ஒரு கதை உண்டு. பாரிசின் கோபலின் நெசவுத் தொழிலகத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் மிஷேல் செவ்ரல், கறுப்பு நூல் அழுத்தமாக இல்லை என்று வந்த புகாரை ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை, அந்த நூலுக்கு அருகில் நெய்யப்பட்ட நிறங்களில்தான் இருக்கிறது என்று கண்டார். அதை விரித்து 1839-இல் நூலாகவே வெளியிட்டார். மண்டலத்தில் இதை நீங்களே பார்க்கலாம். ஒரே சாம்பல் நிறத்தைச் சிவப்பு இதழ்களுக்கு நடுவிலும், பச்சை இதழ்களுக்கு நடுவிலும் பூசுங்கள். முதலாவது இடத்தில் அது பச்சை சாயலோடும், இரண்டாவது இடத்தில் சிவப்புச் சாயலோடும் தெரியும். ஒரே டப்பாவிலிருந்து எடுத்தது என்று காட்டினால்கூடச் சிலர் நம்புவதில்லை.

மையத்திலிருந்து தொடங்குவது கட்டாயமா?

செங்குத்தாக நிற்கும் சுவரில் தீட்டினால், வண்ணம் வழியும் என்பதால் மேலிருந்து கீழே வருவதற்கு நியாயம் உண்டு. கிடையாகவோ சற்றுச் சாய்வாகவோ வைத்த பலகையில் மையமே நல்லது. கை எப்போதும் இன்னும் தீட்டாத வெளிப்பக்கத்தில் ஊன்றியிருக்கும். ஆணித்துளையை மட்டும் உடனே அடைத்துவிடாதீர்கள். எந்த வட்டமாவது அழிந்துபோனால் சட்டத்தை மீண்டும் மாட்ட அது வேண்டியிருக்கும். நான் அதைக் கடைசி நாள்தான் மரமக்கு வைத்து அடைக்கிறேன்.

தவறாகப் பூசிவிட்டால் என்ன செய்வீர்கள், அதுவும் இத்தனை பேர் பார்க்கும்போது?

ஈரமாக இருந்தால் நனைத்த துணியால் ஒரே இழுப்பில் துடைக்கலாம். அந்த நேரம் தவறினால் துடைக்கவே கூடாது. பாதி காய்ந்த வண்ணம் உரிந்து குழிபோடும். முழுதும் காயவிட்டு, வெள்ளை பூசி, மீண்டும் தீட்டுவதே வழி. தவறை உடம்பால் மறைத்துக்கொண்டு திருத்த முயல்வதை விட்டுவிட்டேன். சொட்டு விழுந்த ஓசைக்கே ஐந்து பேர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மறைப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. மாறாக, "இது காயட்டும், பத்து நிமிடத்தில் வெள்ளை பூசுவேன்" என்று சொன்னால் அந்தப் பத்து நிமிடமும் காத்திருந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

தீட்டும்போது உங்களிடம் பேசலாமா? படம் எடுக்கலாமா?

மெல்லிய கோட்டை இழுத்துக்கொண்டிருக்கும்போது மட்டும் வேண்டாம். அந்தக் கோடுகளை மூச்சை வெளியே விட்டபடியே ஒரே ஓட்டத்தில் இழுக்க வேண்டும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் தோள் அசையும், கோடு நெளியும். நிறம் நிரப்பும் நேரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட, கோட்டு வேலையின்போது பலகையோரம் ஒரு சிவப்புக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கிறேன். அதன் பொருளை எழுதி ஒட்டவில்லை. முந்தைய நாள் வந்தவர்கள் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். படம் எடுக்கலாம், பளிச்சிடும் விளக்கு மட்டும் வேண்டாம், கண் கூசி அடுத்த கோடு தப்பும்.

நானும் ஓர் இதழுக்கு வண்ணம் பூசட்டுமா?

இந்தப் பலகையில் இல்லை, மன்னிக்கவும். கைக்குக் கை பூச்சின் கனம் மாறும், பதினாறு இதழில் ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். ஆனால் கேட்பவரைத் திருப்பி அனுப்பவும் மனம் வருவதில்லை. ஆகவே பக்கத்து மேசையில் 30 செ.மீ. விட்டத்தில் கோடு போட்ட அட்டைகளையும் அன்று மிஞ்சிய நிறங்களையும் வைத்திருக்கிறேன். ஒருவர் ஒரு வளையத்தை முடித்துவிட்டுப் போனால், அடுத்தவர் அடுத்த வளையத்தைத் தொடர்வார். முன்பின் அறியாத ஒன்பது பேர் சேர்ந்து முடித்த அட்டைகள் என்னிடம் பல இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் நிறச்சேர்க்கை எனக்கு ஒருபோதும் தோன்றியிராது.

மண்டலம் தீட்டினால் மன அமைதி கிடைக்குமா?

கோடு போடும் முதல் நாள் கிடைக்காது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். மற்ற நாட்களில், ஒரே அசைவை நூறு முறை செய்வதில் ஒரு தணிவு வருவதை நானும் உணர்ந்திருக்கிறேன். உளவியலாளர் கார்ல் யுங், 1918–19 காலத்தில் சுவிட்சர்லாந்தில் போர்க்கால முகாம் ஒன்றின் பொறுப்பில் இருந்தபோது, காலைதோறும் குறிப்பேட்டில் சிறு வட்ட ஓவியம் ஒன்றை வரைந்துவந்தார். அன்றன்றைய தம் மனநிலை அதில் தெரிவதாகக் கருதினார். அவர் அதைத் தமக்காக, தனியே செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பலர் பார்க்கத் தீட்டுவதில் கிடைப்பது வேறு ஒன்று. அதற்கு அமைதி என்று பெயர் வைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

முதுகு வலிக்காதா?

வலிக்கும். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பலகையைச் சுற்றி நடந்து வாருங்கள். சாய்ந்திருக்கும் இதழ்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அகப்படும் என்பதால், அது ஓய்வும் ஆகிறது, சரிபார்ப்பும் ஆகிறது.

முடிந்த பிறகு இதையும் கலைத்துவிடுவீர்களா?

இல்லை. மணலைக் கலைப்பதற்கு ஒரு மரபும் தத்துவமும் பின்னால் இருக்கின்றன. பார்த்தவர்கள் வியக்கட்டும் என்று நான் பலகைமேல் வெள்ளையடித்தால் அது வெறும் நாடகம். ஒரு வாரம் நன்றாகக் காயவிட்டு, இரண்டு பூச்சு பளபளப்பில்லாத வார்னிஷ் பூசுகிறேன். வெயில் நேரடியாகப் படும் இடத்தில் மாட்ட வேண்டாம் என்று வாங்குபவரிடம் சொல்கிறேன். சில சிவப்புகளும் ஊதாக்களும் வெயிலில்தான் முதலில் வெளுக்கும்.

எந்த நாளில் வந்து பார்ப்பது நல்லது?

எல்லோரும் கடைசி நாள் என்று நினைக்கிறார்கள். அன்று கூட்டமும் இருக்கும், தீட்டுவதற்கு அதிகமாக எதுவும் இருக்காது. விளிம்பு சரிசெய்வதும் ஆணித்துளை அடைப்பதும்தான். நான்காம் அல்லது ஐந்தாம் நாள், மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக வாருங்கள். வளையத்தில் இரண்டு அல்லது மூன்று இதழ்கள் மீதமிருக்கும். சிவப்புக் கிண்ணம் கவிழ்ந்திருந்தால் சற்றுப் பொறுத்துப் பேசுங்கள்.